ஏழு தலைமுறை காத்த செபம்

இந்த முறை நம் ஊரை விட்டு வெகுதூரம், ஜப்பான் வரை போகப்போகிறேன். ஆனால் சொல்ல வரும் விஷயம் நம் வீடுகளில் நாள்தோறும் பேசப்படுவதுதான். நம் வயதுக்காரர் இருவர் கடற்கரைச் சாலையில் சந்தித்தால், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அடுத்தபடியாக வரும் பேச்சு இதுதானே: பிள்ளைகள் கோவிலுக்குப் போவதில்லை, பேரப்பிள்ளைகளுக்கு ஒரு செபம் கூட முழுதாகத் தெரியவில்லை, நமக்குப் பிறகு வீட்டில் விளக்கு வைக்க ஆள் இருக்குமா? இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் குறை ஒன்றே. பாதிப் பிள்ளைகள் பாரீசில் இருக்கும் நம் புதுச்சேரிக் குடும்பங்களில் இந்தக் குறை இன்னும் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கேள்விக்கு வரலாறு ஏதாவது பதில் வைத்திருக்கிறதா என்று தேடினால், நாகசாகியைச் சுற்றியுள்ள சில மீனவக் கிராமங்களிலும் உழவர் கிராமங்களிலும் நடந்ததைப் போல இன்னொன்று எளிதில் கிடைக்காது. குருவானவர் இல்லாமல், கோவில் இல்லாமல், வெளியே சொன்னால் உயிர் போகும் என்ற நிலையில், அந்த ஏழை ஜனங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கள் விசுவாசத்தைப் பிள்ளைக்குப் பிள்ளை கைமாற்றிக் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கதை நம் தமிழ்க் கரையிலிருந்தே தொடங்குகிறது. அர்ச். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் கோவாவில் வந்து இறங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் அவர்களுக்குச் செபம் தெரியாது. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாச மந்திரம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாங்கி, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சிறுபிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் படித்ததை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது உலக வழக்கம். இவர் பிள்ளைகளைக் கொண்டு பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தச் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அங்கேயும் மொழி தெரியாத தொல்லைதான். முதலில் கடவுளுக்கு ஜப்பானியப் பௌத்தர்களின் 'தைநிச்சி' என்ற பெயரைப் பயன்படுத்தினார். அது வேறு பொருள் தருகிறது என்று தெரிந்தவுடன் அதை விட்டுவிட்டு, 'தேயுஸ்' என்ற இலத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். இந்தச் சிறு முடிவின் விளைவு முந்நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் ஜப்பானில் கிறிஸ்தவர்கள் சுமார் மூன்று இலட்சம் பேர் ஆனார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கணக்கு. 1590-ல் ஐரோப்பாவிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஞானோபதேசப் புத்தகங்கள் ஜப்பானிய மொழியில் அச்சாயின. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1578-ல், கொல்லத்தில் நம்முடைய தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியிருந்தது. இரண்டும் இயேசு சபையாரின் முயற்சிகளே.

அச்சைவிடப் பெரிதாக உதவியது வேறொன்று. ஊருக்கு ஊர் சபைகள் ஏற்படுத்தியிருந்தார்கள். நம் பங்குகளில் மாதா சபை, மரியாயின் சேனை என்று இருப்பது போல. நோயாளியைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது, சிறுவருக்குச் செபம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் சபையாரின் பொறுப்பு. குருமார் மிகக் குறைவாக இருந்ததால் வேறு வழியின்றிச் செய்த ஏற்பாடு இது. கடைசியில் அதுவே காப்பாற்றியது.

1587-ல் ஹிதேயோஷி என்ற ஆட்சியாளர் குருமார் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். முதலில் அது அவ்வளவு கண்டிப்பாக நடக்கவில்லை. 1597 பிப்ரவரி 5-ஆம் தேதி நாகசாகியின் நிஷிசாகா குன்றில் இருபத்தாறு பேரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். அவர்களில் ஒருவர் நம் இந்திய மண்ணில், பம்பாய்க்கு அருகே வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. தகப்பனார் போர்த்துகீசியர், தாயார் இந்தியப் பெண். இருபத்தாறு பேரில் சிறுவர்களும் இருந்தார்கள். தோமாஸ் கோசாக்கி என்ற பதினான்கு பதினைந்து வயதுப் பையன், உடன் கொல்லப்பட்ட தன் தகப்பனோடு நடந்து வரும் வழியில் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினான். கடிதம் பிற்பாடு தகப்பனின் உடலோடு கிடைத்தது. தன் மரணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. வீட்டில் இருக்கும் தம்பிமார் விசுவாசத்தை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி தாயைக் கேட்டுக்கொண்டிருந்தான். சாகப்போகும் பிள்ளைக்கு அடுத்தவனைப் பற்றிய கவலை!

1614-ல் தொக்குகாவா அரசு நாடு முழுவதும் கிறிஸ்தவ மதத்தைத் தடை செய்தது. 1622-ல் நாகசாகியில் ஒரே நாளில் ஐம்பத்தைந்து பேரைக் கொன்றார்கள். 1637, 38-ல் ஷிமாபாராவில் வரிக் கொடுமையும் மதக் கொடுமையும் சேர்ந்து பெரும் கலகம் மூண்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1639-ல் போர்த்துகீசியக் கப்பல்கள் வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். 1644-ல் ஜப்பானில் மிஞ்சியிருந்த கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார்.

அதன் பிறகு அரசாங்கம் செய்த காரியம் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு நன்றாகப் புரியும். வாளை உறையில் போட்டுவிட்டுப் பதிவேட்டைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்த மடத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். பிறப்பு, கல்யாணம், இடமாற்றம், இறப்பு எல்லாவற்றுக்கும் மடத்தின் சான்று வேண்டும். ஐந்து ஐந்து வீடுகளை ஒரு குழுவாகக் கட்டி, ஒரு வீட்டுக் குற்றத்துக்கு மற்ற நான்கு வீடும் பொறுப்பு என்றார்கள். ஊர் முகப்பில் பலகை நட்டு, காட்டிக் கொடுப்பவருக்கு வெகுமதி அறிவித்தார்கள். 1682-ல் வைத்த பலகையில் ஒரு குருவானவரைக் காட்டிக் கொடுத்தால் 500 வெள்ளி என்று கண்டிருந்தது. நாகசாகிப் பக்கத்தில் ஆண்டுதோறும் முதல் மாதத்தில் ஊர் ஜனங்களை வரிசையாக நிறுத்தி, மாதா அல்லது கர்த்தரின் சுரூபம் பொறித்த தகட்டை ஒவ்வொருவராக மிதிக்கச் சொல்வார்கள். அதற்கு 'ஃபுமியே' என்று பெயர். மிதித்தவர் பெயர் ஏட்டில் ஏறும். தயங்கினவர் கதி அதோகதி.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்தக் கண்காணிப்புக்கு நடுவே தகப்பன் மகனுக்கு எதைக் கொடுக்க முடியும்? புத்தகம் வீட்டில் இருந்தால் சாட்சியாகிவிடும். சிறுபிள்ளையிடம் சொன்னால் தெருவில் போய் உளறிவிடும். அவர்கள் கொடுத்தவற்றை நான் நான்காகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, நாள். பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் ஒருவர் இருந்தார். 1634-ஆம் ஆண்டின் திருநாட்களை ஜப்பானிய மாதக் கணக்கோடு பொருத்திய பஞ்சாங்கம் ஒன்று அவர் பெயரால் வழங்கியது. அவர் பிற்பாடு பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பஞ்சாங்கம் மட்டும் தப்பியது. எது கர்த்தர் பிறந்த நாள், எது தபசு காலம், எந்த நாளில் வேலை செய்யக்கூடாது என்பதெல்லாம் அதில் அடங்கும். ஊருக்கு ஒருவர் அந்தப் பஞ்சாங்கத்தைக் கணக்கிட்டு, இந்த வாரம் இன்ன நாள் என்று இரகசியமாகச் சொல்லி அனுப்புவார். கோவில் மணி இல்லாத ஊரில் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டதே அவர்களுடைய கோவில்.

இரண்டாவது, பொறுப்பு. உரகாமி கிராமத்து ஏற்பாட்டைப் பாருங்கள். பஞ்சாங்கம் வைத்திருப்பவர் 'சோகாதா', அவர்தான் தலைவர். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் ஒருவர். அவர் 'மிஸுகாதா', தண்ணீர்க்காரர் என்று பொருள். செய்தியைக் கேட்டு வீடு வீடாகக் கொண்டு போகும் ஒருவர். அவர் 'கிகியாக்கு', கேட்பவர். இவர்கள் யாரும் குருமார் அல்ல. பகலில் வயலில் நின்றவர்கள், வலை இழுத்தவர்கள். ஆனால் ஆள் போனால் இடம் காலியாக இருக்காது. ஒருவர் கண்ணை மூடுமுன் அடுத்தவர் தயாராக இருப்பார். முன்பு குருமார் பற்றாக்குறைக்காக உண்டாக்கிய சபைகளே இப்படி உருமாறின. 'விசுவாசமாக இரு' என்று பொதுவில் சொல்லிவிட்டுப் போகாமல், ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வாய்ப்பாடம். 'ஒராஷோ' என்று அந்த செபங்களுக்குப் பெயர். செபம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு அது. இலத்தீனும் போர்த்துகீசியமும் ஜப்பானியமும் கலந்த நீண்ட செபங்கள். வாயிலிருந்து வாய்க்கு வந்ததால், பல சொற்கள் தேய்ந்து, சொல்பவருக்கே பொருள் தெரியாத நிலைக்கு வந்துவிட்டன. ஆனாலும் ஓசை மாறாமல் ஒப்புவித்தார்கள். பொருள் தெரியாமல் சொல்லி என்ன பயன் என்று இளையவர்கள் கேட்பார்கள். இலத்தீன் பூசை இருந்த காலத்தில் பீடத்துக்கு உதவி செய்த நம் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் பொருள் தெரிந்தா பதில் சொன்னோம்? பிரெஞ்சுப் பள்ளியில் இலத்தீனின் வாடை கொஞ்சம் அடித்த எனக்கே பாதி விளங்காது. ஆனால் வேத மந்திரமானாலும், குர்ஆன் ஓதுதலானாலும், இலத்தீனானாலும், பாத்திரம் முதலில் வருகிறது. அதில் இருப்பது என்ன என்பது வயதான பிறகு தெரிகிறது. பாத்திரமே இல்லாதவனுக்கு எதை ஊற்றுவது?

நான்காவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஃபுமியே நாளன்று அந்த மறைந்த கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? மிதிக்க மறுத்துச் செத்தவர்கள் ஆரம்ப காலத்தில் பலர். எல்லாரும் செத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மற்றவர்கள் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனஸ்தாபப்பட்டு அழுதார்கள். உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். இதற்கு அடிப்படையாக 1603-ல் எழுதப்பட்ட 'கொஞ்சிரிசான்' என்ற சிறு நூல் இருந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் கிடைக்காத இடத்தில், முழு மனதோடு துக்கப்பட்டால் சர்வேசுரன் மன்னிப்பார் என்று அது கற்பித்தது. நூலைக் கையால் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் காத்தார்கள். அதுபோலவே ஒருவர் இறந்தால் பௌத்த பிக்கு வந்து மந்திரம் ஓதித்தான் ஆகவேண்டும். அவர் ஓதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் தங்கள் செபத்தை மெல்லச் சொல்லுவார்கள்.

அதாவது ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் தவறினார்கள். ஒவ்வோர் ஆண்டும் எழுந்தார்கள். பிள்ளைக்குக் கொடுத்த சொத்தில் விழுந்தால் எழுவதற்கான வழியும் இருந்தது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஞாயிறு பூசை தவறிய பேரனை, ஒரு வெள்ளிக்கிழமை அசைவம் சாப்பிட்ட மருமகளை, 'உனக்கெல்லாம் பக்தி எங்கே' என்று கேட்டு அத்தோடு கதவைச் சாத்துகிறோம். தவறியவனுக்குத் திரும்பி வரும் வழியைச் சொல்லாத மதம் அந்தக் கிராமங்களில் இருபது ஆண்டு கூட நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

பொருள் வடிவில் வைத்திருந்தவை மிகச் சில. சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பீங்கான் கண்ணோன் சிலைகள் பௌத்தர் வீடுகளில் சாதாரணம். கையில் குழந்தையோடு இருக்கும் கண்ணோனை இவர்கள் மாதாவாக வைத்து வணங்கினார்கள். சோதனைக்கு வந்தவன் கண்ணுக்கு அது கண்ணோன். வீட்டார் கண்ணுக்கு மரியாயி. இகிட்சுகி தீவில் சாமான் அறையின் உள்ளே படங்களை மறைத்து வைத்திருந்தார்கள். அருகிலுள்ள நகயெனோஷிமா என்ற சிறு பாறைத் தீவில் முன்னோர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கே ஊறும் தண்ணீரை எடுத்து வந்துதான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

பஸ்தியான் ஒரு வாக்கும் விட்டுச் சென்றிருந்தார். ஏழு தலைமுறைவரை நீங்கள் என் பிள்ளைகளாக இருப்பீர்கள், அதன் பிறகு பெரிய கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர் வருவார், அப்போது தெருவில் பயமில்லாமல் பாடிக்கொண்டு போகலாம் என்பது அதன் சாரம். தாத்தா பேரனிடம், 'நான் மூன்றாவது, உன் அப்பன் நான்காவது, நீ ஐந்தாவது' என்று எண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் அடுத்தவனுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

கப்பல் வந்தது. 1858-ல் செய்த உடன்படிக்கைகளின்படி, துறைமுகங்களில் வசிக்கும் அந்நியர்கள் தங்களுக்கென்று கோவில் கட்டிக்கொள்ளலாம் என்றாயிற்று. ஜப்பானியருக்குத் தடை அப்படியே இருந்தது. பாரீஸ் வேதபோதகச் சபைக் குருமார் நாகசாகியில் ஓவுரா என்ற இடத்தில், அந்த இருபத்தாறு வேதசாட்சிகள் பெயரால் ஒரு கோவில் கட்டினார்கள். ஊர் ஜனங்கள் அதைப் 'பிரெஞ்சுக் கோவில்' என்றார்கள். நம் வாசகர்களுக்கு அந்தச் சபை புதிதல்ல. இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776-ல் நம் புதுவை மறைத்தளத்தை ஏற்று நடத்தியவர்கள் அவர்களே. நம் ஊர்க் கோவில்களில் தாடியோடு நடமாடிய சுவாமிமார் எந்த மடத்திலிருந்து கப்பல் ஏறினார்களோ, அதே மடத்திலிருந்து நாகசாகிக்குப் போனவர்தான் பெர்னார் பெத்திழான் சுவாமியார். அவர் எழுதிய கடிதங்கள் பிரெஞ்சில் இருந்ததால் இந்தக் கதையை அந்த மொழியிலேயே படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நண்பகல் கழிந்த நேரம். உரகாமியிலிருந்து சுமார் பதினைந்து பேர் கோவிலைப் பார்க்க வந்து நின்றார்கள். சுவாமியார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் முழந்தாளிட்டுச் செபித்தார். ஒரு நடுவயதுப் பெண் அருகில் வந்து, மார்பில் கைவைத்து, எங்கள் எல்லார் இதயமும் உங்கள் இதயத்தைப் போன்றதுதான் என்று மெல்லச் சொன்னாள். சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அழைத்துப் போய்க் காட்டியதும் அழுதுகொண்டே சுற்றி நின்றார்கள். சவேரியார் விட்டுப் போன 'தேயுஸ்' என்ற சொல்லும் அவர்கள் வாயில் அப்படியே இருந்தது.

அதற்குப் பின் அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தில்தான் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இது துக்க காலத்தின் பதினேழாம் நாள், நீங்களும் அதை அனுசரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1865-ல் பாஸ்கு ஏப்ரல் 16. விபூதிப் புதன் மார்ச் 1. அப்படியானால் மார்ச் 17 தபசு காலத்தின் சரியாகப் பதினேழாம் நாள்! 1634-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் இருந்த ஒரு கிராமம், 231 ஆண்டுகள் கழித்தும் ஒரு நாள் கூடப் பிசகாமல் நிற்கிறது. மின்விசிறியும் நாற்காலியும் உள்ள கச்சேரிகளில் மூன்று வருடப் பதிவேடு ஒத்துப் போகாததை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னர் வேறு கிராமங்களிலிருந்தும் வந்தார்கள். ரோமாபுரியில் உள்ள பெரியவர் அனுப்பித்தான் வந்தீர்களா, உங்களுக்குப் பெண்சாதி பிள்ளைகள் உண்டா என்றெல்லாம் விசாரித்து உறுதி செய்துகொண்டார்கள். வந்தவரைச் சோதித்துப் பார்க்கும் அறிவும் கைமாறி வந்திருக்கிறது.

பெத்திழான் சுவாமியார் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். அப்போது சீனத்திலிருந்து வந்த புதிய வேதச் சொற்கள் வழக்கில் இருந்தன. புத்தகம் அச்சிடும்போது அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு, அந்த ஜனங்கள் இருநூறு ஆண்டு காத்து வைத்திருந்த பழைய சொற்களையே பயன்படுத்தினார். படித்தவர் படிக்காதவரின் நாக்குக்கு மரியாதை கொடுத்தார்.

சுகமான முடிவு உடனே வரவில்லை. 1867-ல் உரகாமி ஜனங்கள் இனி அடக்கத்துக்குப் பிக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். கைது தொடங்கியது. ஆட்சி மாறி மெய்ஜி அரசு வந்த பிறகும் கொடுமை நிற்கவில்லை. சுமார் 3,400 பேரைக் குடும்பம் குடும்பமாகப் பல மாகாணங்களுக்கு நாடு கடத்தினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். மேல்நாட்டு அரசுகளின் கண்டனத்துக்குப் பின் 1873-ல்தான் தடைப்பலகைகள் இறக்கப்பட்டன. நம் வில்லியனூர் மாதா கோவில் எழும்பிய காலமும் ஏறத்தாழ அதுதான். திரும்பி வந்த உரகாமிக்காரர்கள், முன்பு ஃபுமியே நடந்த ஊர்த்தலைவர் வீட்டு மனையையே விலைக்கு வாங்கி, அந்த இடத்தில் பெரிய கோவில் கட்டினார்கள். எந்த மண்ணில் மிதித்தார்களோ அந்த மண்ணில் முழந்தாளிட்டார்கள். அந்தக் கோவில்தான் 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தூரத்தில் இருந்து தூளானது. அந்தப் பகுதியின் சுமார் 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் போல இறந்தார்கள். பிறகு அதையும் திரும்பக் கட்டினார்கள்.

இத்துடன் நிறுத்தினால் இது பிரசங்கத்துக்கு ஏற்ற கதையாக முடியும். வரலாறு அப்படி முடியவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு எல்லாரும் கோவிலுக்குத் திரும்பவில்லை. இகிட்சுகியிலும் கோத்தோ தீவுகளிலும் ஆயிரக்கணக்கானோர், எங்கள் முன்னோர் சொல்லிக் கொடுத்தபடியே இருக்கிறோம் என்று தனியாக நின்றார்கள். அவர்களுக்கு அப்பன் பாட்டன் செய்த முறையே மதமாகிவிட்டிருந்தது. பௌத்த மடத்தையும் வீட்டு முன்னோர் பலகையையும் எறிந்துவிட்டு வா என்றால், அது முன்னோரையே எறிவது போல அவர்களுக்குப் பட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தனி வழியும் இப்போது அணைந்து வருகிறது. யாரும் தடுக்கவில்லை, பலகை இல்லை, வாள் இல்லை. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஒராஷோ நீளமானது, மனப்பாடம் செய்ய நாளாகும், கற்றுக்கொள்ள ஆள் இல்லை. பொறுப்பு ஏற்க அடுத்தவர் இல்லாத ஊர்களில் முதியவர்களே கூடிப் பேசி, குழுவைக் கலைத்தார்கள். பாட்டன்மார் உயிரைக் கொடுத்து மறைத்து வைத்த பொருட்களில் சில இன்று இகிட்சுகி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 2018-ல் யுனெஸ்கோ அந்த மறைந்த கிறிஸ்தவர்களின் ஊர்களையும் இடங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கௌரவம்தான். ஆனால் செபம் சொன்ன வாய்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

எதிர்ப்பில் வளர்ந்தது வசதியில் வாடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. அந்த ஊர்களில் பிள்ளைகள் தாத்தாவோடு ஒரே வீட்டில், ஒரே படகில், ஒரே வயலில் இருந்தார்கள். சொல்லிக் கொடுத்தது பாதி என்றால், பார்த்துக் கற்றது மீதி. பிள்ளையும் பாட்டனும் ஒரே கூரைக்குக் கீழ் இல்லாதபோது எந்த மதமும், எந்த மொழியும் அதே பாட்டைத்தான் படுகிறது. லா கூர்னேவில் வளரும் பேரனுக்குத் தமிழும் வரவில்லை, செபமும் வரவில்லை என்றால், அது அவன் கெட்டுப் போனதன் அடையாளம் ஆகாது. நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே இருக்கும் கொஞ்ச நேரத்தில் நம்மால் என்ன முடியும்? உரகாமிக்காரர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை எளியவை. விடுமுறைக்கு வரும் பிள்ளைக்கு நீண்ட உபதேசம் வேண்டாம்; ஒரு நாளைச் சொல்லிக் கொடுப்போம். இன்று தாத்தா இறந்த திதி, இன்று பெரிய வெள்ளி, இன்று கார்த்திகை தீபம், இன்று நோன்பு இருபத்தேழாம் இரவு என்று. கையில் ஒரு வேலையைக் கொடுப்போம்: விளக்கை நீ ஏற்று, செபமாலையில் இரண்டாம் தேவ இரகசியத்தை நீ சொல். பொருள் தெரியாவிட்டாலும் ஒரு சிறு செபம் வாயில் ஏறட்டும். தவறினால் திரும்பி வரும் வழி உண்டு என்பதை நம் முகத்தில் அவர்கள் பார்க்கட்டும்.

பலன் நம் கண்ணால் காண்போமா என்பது வேறு விஷயம். இரண்டாம் தலைமுறைக்காரன் கறுப்புக் கப்பலைக் காணவில்லை. மூன்றாம், நான்காம் தலைமுறைக்காரர்களும் காணவில்லை. அவர்கள் நாளை மட்டும் எண்ணி, அடுத்தவனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.